ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தை: கண் குழி எலும்பு 7 வயது வரை ஏன் வேறு மாதிரி உடைகிறது?

நாவலூரில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை ஓ.எம்.ஆரில் காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் அப்பாவின் தலையில் ஹெல்மெட். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தலையிலும், சிக்னலில் போலீஸ் நிற்பாரே என்ற பயத்திலாவது, ஹெல்மெட். முன்னால், கால் வைக்கும் இடத்தில், யூனிஃபார்மும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு எல்.கே.ஜி. குழந்தை நின்றுகொண்டிருக்கும். அதன் தலையில் மட்டும் ஒன்றும் இருக்காது. கைகள் இரண்டும் கண்ணாடிக் கம்பிகளைப் பிடித்திருக்கும். முகம் சரியாக ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கும்.

கேட்டால் வழக்கமாக வரும் பதில், "ரெண்டு கிலோமீட்டர்தானே, மெதுவாத்தான் போறோம்." மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்து, சாலை குறுகி, பஸ்ஸும் தண்ணீர் லாரியும் கம்பெனி கேபும் ஒரே வரிசையில் ஊரும் இடத்தில் மெதுவாகத்தான் போக முடியும் என்பது உண்மைதான். திடீர் பிரேக் அதிகம் விழுவதும் அதே இடத்தில்தான்.

குழந்தைகளுக்கான ஹெல்மெட் விதி பற்றிப் பேசும்போது எல்லோரும் தலைக்காயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கும் கண் குழியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. கண்ணைச் சுற்றியிருக்கும் அந்த எலும்புக் கூடு பிறந்ததில் இருந்து ஏழெட்டு வயதுக்குள் அடையும் மாற்றம் பெரியது. எந்த வயதில் அடிபடுகிறது என்பதைப் பொறுத்து எந்தச் சுவர் உடையும், எவ்வளவு அவசரம், வெளியே என்ன தெரியும் என்பதெல்லாம் மாறிவிடுகிறது. அது தெரியாததால்தான் சில குழந்தைகள் "ஒண்ணுமில்ல, லேசான அடிதான்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

முதலில் சட்டம்

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் என்ற பேதமே அதில் இல்லை. யு.கே.ஜி. படிக்கும் ஐந்து வயதுக் குழந்தை சட்டத்தின் பார்வையில் உங்களைப் போலவே ஒரு பயணி. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு வரை போகலாம்.

4 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 பிப்ரவரி 15 அன்று தனி விதியை வெளியிட்டது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்கு அதன் தலை அளவுக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வெளிநாட்டுத் தரச்சான்று உள்ள சைக்கிள் ஹெல்மெட்டும் ஏற்கப்படும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பட்டை என்பது என்ன? குழந்தைக்கு ஒரு ஜாக்கெட் மாதிரி மாட்டிவிட்டு, அதில் இருந்து வரும் வார்களை ஓட்டுபவர் தோளில் போட்டுக்கொள்வது. 30 கிலோ எடை வரை தாங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கால் வைக்கும் இடத்தில் நிற்கும் குழந்தைக்கு இந்த ஏற்பாடு எப்படியும் பொருந்தாது. அதாவது, நம் ஊரில் மிகச் சாதாரணமாகத் தெரியும் அந்தக் காட்சி விதி எழுதியவர்கள் மனதில் இருந்த காட்சியே அல்ல.

அமலாக்கம் எப்படி என்று கேட்டால், சிரிப்புதான் வரும். பெரியவர்கள் தலையில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் சோதனை, முன்னால் நிற்கும் குழந்தையைத் தாண்டித்தான் பார்க்கிறது. அந்தப் பட்டை பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விதி வந்தது, பொருள் கடைக்கு வரவில்லை என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நிலைமை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டுக் கணக்கு சின்னது அல்ல. 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் இதுதான்: 64,105. அந்த ஆண்டு இந்தியா முழுக்க சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

கண் குழி என்பது ஒரு எலும்பு அல்ல

ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டிய அறை அது. மேலே கூரை, கீழே தளம், மூக்குப் பக்கம் ஒரு சுவர், காதுப் பக்கம் ஒரு சுவர். கூரை பெரும்பாலும் நெற்றி எலும்பு. தளம் பெரும்பாலும் மேல்தாடை எலும்பு. காதுப் பக்கச் சுவரில் கன்ன எலும்புக்குப் பெரிய பங்கு. மூக்குப் பக்கச் சுவர் காகிதம் போல மெல்லியது. பெரியவர்களுக்குத் தளமே அரை மில்லிமீட்டர் அளவு கனம்தான்.

பெரியவர் ஒருவரின் கண் குழி சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும். ஒரு சின்ன மருந்து பாட்டில் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கண் விழி பிடிப்பது கால் பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக் குழாய். விழியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பும் தசைகள் இந்தக் கொழுப்புக்குள் ஓடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

குழந்தை பிறக்கும்போது உயரம் சுமார் 50 சென்டிமீட்டர். வளர்ந்து முடிக்கும்போது அது மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. கண் விழி அப்படி இல்லை. பிறக்கும்போதே முன்னிருந்து பின்னாக 16-17 மில்லிமீட்டர் இருக்கும். பெரியவர்களுக்கு 23-24. மூன்று வயதிலேயே 22 மில்லிமீட்டரை நெருங்கிவிடுகிறது. கண்ணின் கருவிழிப் பரப்பு இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட பெரியவர் அளவுக்கு வந்துவிடுகிறது. கைக்குழந்தையைப் பார்த்து "கண்ணு மட்டும் இவ்ளோ பெருசா இருக்கே" என்று எல்லாப் பாட்டிகளும் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். முகம் இன்னும் வளரவில்லை, கண் முந்திக்கொண்டது.

குழியும் கண்ணோடு சேர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. கண் குழியின் கொள்ளளவில் முக்கால் பங்கு ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. மற்ற முக எலும்புகள், குறிப்பாகத் தாடை, பதின்ம வயது வரை நிதானமாக வளரும்.

யார் இந்த அறையைக் கட்டுவது?

மூன்று பேர் மூன்று பக்கம் இருந்து தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே இருந்து மூளை. கண் குழியின் கூரைதான் மூளையின் முன்பகுதி உட்கார்ந்திருக்கும் தரை. மாடி வீட்டுக்காரரின் தரை, கீழ் வீட்டுக்காரருக்குக் கூரை ஆவது போல. மூளை முதல் இரண்டு வருடத்தில் அசுர வேகத்தில் வளர்கிறது. ஆறு வயதுக்குள் பெரியவர் அளவில் பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டுவிடுகிறது. அந்த வேகத்துக்குக் கூரையும் ஈடு கொடுக்கிறது.

உள்ளே இருந்து கண். விழியும் அதைச் சுற்றிய திசுக்களும் வளர வளர, சுவர்களுக்கு "விலகு, விலகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

கீழே இருந்து முகம். இதுதான் மெதுவானது. பிறந்த குழந்தைக்குக் கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறை மிகச் சிறியது. கண் குழித் தளத்துக்குக் கீழே வெற்றிடத்துக்குப் பதிலாக, இன்னும் முளைக்காத பற்களின் மொட்டுகள் மேல்தாடைக்குள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். நிரந்தரக் கோரைப்பல்லின் மொட்டு கண் குழிக்குக் கொஞ்சம் கீழேதான் தொடங்குகிறது. பல் இறங்க இறங்க, சைனஸ் விரிய விரிய, தளத்துக்கு அடியில் காற்று நிரம்பிய அறை உருவாகிறது. முட்டுக்கொடுத்திருந்த கட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது மாதிரி.

நெற்றியிலும் இதே கதை. புருவத்துக்கு மேலே நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ், ஐந்து முதல் ஏழு வயதுக்குப் பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கு வருகிறது. பெரியவர்களுக்கு நெற்றியில் அடி விழுந்தால் அந்தக் காற்றறை நசுங்கி, வேகத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். கார் பம்பர் செய்யும் வேலை. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த பம்பர் இன்னும் பொருத்தப்படவில்லை. அடி நேராகக் கண் குழியின் கூரைக்குப் போகிறது. கூரைக்கு மேலே இருப்பது மூளை.

எட்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று

பிறந்த குழந்தையின் மண்டையோட்டுப் பகுதிக்கும் முகப் பகுதிக்கும் உள்ள விகிதம் சுமார் 8:1. ஐந்து வயதில் அது 4:1. பெரியவர்களுக்கு 2:1. ஒரு வயதுக் குழந்தையைப் பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுத்துப் பாருங்கள். நெற்றி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், முகம் அதன் நிழலில் ஒதுங்கியிருக்கும்.

இதில் ஒரு நன்மை உண்டு. குண்டுக் கன்னக் கொழுப்பு, மிருதுவான எலும்பு, பல் மொட்டுகளின் முட்டு எல்லாம் சேர்ந்து, சின்னக் குழந்தைகளுக்கு முக எலும்பு முறிவது அரிது. தினமும் கட்டிலில் இருந்தும் சோபாவில் இருந்தும் விழுகிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

அதே காரணத்தால்தான், முறிந்திருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எலும்பை முறிக்க நல்ல வேகம் தேவை. அந்த வேகம் மூளையையும் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

குழந்தைகளின் கண் குழி முறிவுகளை ஆராய்ந்து 1995-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்த மாற்றத்துக்கு ஒரு வயதையே குறித்தது. சுமார் 7 வயது வரை கூரை முறிவதுதான் அதிகம். அதற்குப் பிறகு தளம் முறிவது அதிகமாகிறது. பிறந்தநாள் கேக் வெட்டியதும் மாறிவிடும் விஷயம் இல்லை இது. ஆனால் எல்.கே.ஜி. குழந்தைக்கும் நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் ஒரே மாதிரி அடி பட்டாலும் மருத்துவர் தேட வேண்டியது வேறு வேறு என்பதற்கு இது போதும்.

கூரை முறிந்த சின்னக் குழந்தைக்குப் பொதுவாக நெற்றியில் அடிபட்டிருக்கும். சில மணி நேரத்தில் மேல் இமை ஊதா நிறமாக வீங்கி, கண்ணை மூடிவிடும். "கண்ணுல ரத்தம் கட்டிருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலான கூரை முறிவுகள் அறுவை சிகிச்சை இல்லாமல் தானாகக் கூடிவிடும் என்பது நல்ல செய்தி. மேலே மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு சொல்ல வேண்டிய நல்ல செய்தி அது.

கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது, குழந்தை ஏன் வாந்தி எடுக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முருங்கைக் கொம்பை வளைத்தால் சட்டென்று இரண்டாக முறியும். பல் துலக்கப் பறித்த பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் வளையும், ஓரத்தில் மட்டும் விரிசல் விடும், கையை எடுத்தால் திரும்ப நிமிரப் பார்க்கும். பெரியவர்களின் எலும்பு முருங்கை. குழந்தைகளின் எலும்பு வேம்பு.

ஏழெட்டு வயதுக் குழந்தையின் கண்ணில் பந்தோ, முழங்கையோ, ஹேண்டில்பாரின் முனையோ மோதுகிறது. குழிக்குள் அழுத்தம் எகிறி, தளத்தில் ஒரு விரிசல் திறக்கிறது. கொழுப்பும், சில நேரம் கீழ்ப்பக்கத் தசையும் அதன் வழியாக சைனஸ் அறைக்குள் இறங்குகின்றன. பெரியவர் எலும்பாக இருந்தால் தளம் நொறுங்கி ஓட்டையாகவே நிற்கும். குழந்தை எலும்போ உடனே பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்புகிறது. எலிப்பொறியின் கதவு போல. தசை நடுவில் மாட்டிக்கொள்கிறது. மாட்டிய தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது.

வெளியே என்ன தெரியும்? கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. வீக்கம் குறைவு, சிவப்பு இல்லை, கண் வெள்ளையாகவே இருக்கும். இதனாலேயே மருத்துவர்கள் 1998-ல் இதற்கு வெள்ளைக் கண் முறிவு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள்.

குழந்தைக்கோ குமட்டும், வாந்தி வரும், சோர்ந்து படுக்கும். நாடித் துடிப்பு குறையலாம். கண் தசை இழுபடும்போது நரம்பு வழியாக இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் ஓர் அனிச்சைச் செயல் நம் உடம்பில் இருக்கிறது. 1908-லேயே விவரிக்கப்பட்டது, கண் அறுவை சிகிச்சை அரங்கில் மயக்க மருத்துவர்கள் தினமும் கவனிப்பது. மாட்டிக்கொண்ட தசை அந்த அனிச்சையைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

விழுந்த குழந்தை, வாந்தி, சோர்வு. இதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது தலைக்காயம். அது சரியான சந்தேகம், தலைக்கு ஸ்கேனும் எடுக்க வேண்டியிருக்கலாம். அந்த ஸ்கேனில் மூளை நன்றாக இருக்கிறது என்றதும் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று கதை முடிந்துவிடுவதுதான் சிக்கல். கண் குழித் தளத்தின் முடி போன்ற விரிசலைக் கண்ணுக்கென்று தனியாகப் பார்க்காவிட்டால் தவறவிடுவது எளிது. சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு உங்கள் கையில் இருக்கும் போனே போதும். குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிடித்த வீடியோவைப் போட்டு, போனை மெதுவாக மேலே கொண்டுபோங்கள், பிறகு கீழே, பிறகு பக்கவாட்டில். இரண்டு கண்ணும் சேர்ந்து போகிறதா? ஒரு கண் மேலே போக மறுக்கிறதா, அப்போது குழந்தை வலியில் முகம் சுளிக்கிறதா, மேலே பார்ப்பதற்குப் பதில் நாடியைத் தூக்குகிறதா? சின்னக் குழந்தைகள் "ரெண்டு ரெண்டா தெரியுது" என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இவற்றில் எது இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, வாந்தி மட்டும் தொடர்ந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இந்தச் சோதனை வீட்டிலேயே இருந்துவிடுவதற்கான சான்றிதழ் அல்ல.

காரணம் நேரம். மாட்டிய தசையை அறுவை சிகிச்சையில் விடுவிக்க, பொதுவாக 24 முதல் 48 மணி நேரம்தான் நல்ல அவகாசம். தாமதமானால் தசை தழும்பாகி, கண் மேலே போகாமலும் இரட்டைப் பார்வையோடும் நிரந்தரமாக நின்றுவிடலாம்.

முந்தானை ஒத்தடம் வேண்டாம்

கண்ணில் அடிபட்டால் நம் வீடுகளில் அனிச்சையாக நடப்பது இது. முந்தானையைச் சுருட்டி, வாயால் சூடாக ஊதி, கண்ணில் ஒற்றி எடுப்பது. அன்பு மறுக்க முடியாதது. ஆனால் விழி கிழிந்திருந்தால் அந்த ஒரு அழுத்தமே உள்ளிருப்பதை வெளியே தள்ளப் போதும். பலமாக அடிபட்ட கண்ணை அழுத்தவும் தேய்க்கவும் வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, பழைய சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம். மூக்கைச் சிந்தவும் விடாதீர்கள். தளம் விரிசல் விட்டிருந்தால் சைனஸில் இருந்து காற்று கண் குழிக்குள் ஏறிவிடும்.

கண்ணே போய்விட்டால் குழி வளருமா?

குழியைக் கட்டுவதில் கண்ணுக்குப் பங்கு உண்டு என்று மேலே சொன்னதற்குச் சோகமான ஆதாரம் ஒன்று இருக்கிறது. விபத்திலோ, விழித்திரைப் புற்றுநோயாலோ மிகச் சின்ன வயதில் ஒரு கண்ணை எடுக்க வேண்டிவரும் குழந்தைகள் இருக்கிறார்கள். எடுத்துவிட்டு அப்படியே விட்டால், அந்தப் பக்கக் குழி மறுபக்கத்தின் வேகத்தில் வளர்வதில்லை. சில வருடங்களில் முகமே ஒரு பக்கம் சற்று ஒடுங்கியதுபோல் தெரியும். அதனால்தான் கண்ணை எடுத்த இடத்தில் ஓர் உருண்டையைப் பதித்து, மேலே செயற்கைக் கண் பொருத்துகிறார்கள். அழகுக்கு மட்டும் இல்லை அது, எலும்புக்குக் கொடுக்கும் வேலை. குழந்தை வளர வளர செயற்கைக் கண்ணையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்க வேண்டும். ஸ்கூல் ஷூ மாற்றுவது மாதிரி.

விழித்திரைப் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் வெளியில் இருந்து கதிர்வீச்சு கொடுப்பதே முக்கிய வழியாக இருந்தது. உயிர் பிழைத்த குழந்தைகளின் கண் குழி எலும்பு வளராமல் நின்று, பொட்டுப் பகுதி உள்வாங்கிப் போனதைப் பார்த்த பிறகு, 1990-களில் மருத்துவ உலகம் கீமோதெரபி பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். கதிர்வீச்சால் பின்னாளில் வேறு புற்றுநோய் வரும் அபாயம் இன்னொன்று. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் இன்று இந்த நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்ணில் சிவப்புக்குப் பதில் வெள்ளைப் பளபளப்பு திரும்பத் திரும்பத் தெரிந்தால், போட்டோவை அழிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

40 கிலோமீட்டர் என்பது எவ்வளவு உயரம்?

"40-ல போனா பரவாயில்ல" என்று விதியே சொல்கிறதே என்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பொருள் நிலையான ஒன்றில் மோதுவது, சுமார் 6 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். இரண்டாவது மாடி பால்கனி. 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர், நாலாவது மாடிக்கு மேல். 20 கிலோமீட்டரில்கூட ஒன்றரை மீட்டர். உங்கள் வீட்டுச் சமையல் மேடையைவிட உயரம். முன்னால் நிற்கும் குழந்தைக்கு அந்த மோதல், ஸ்பீடோமீட்டரும் கண்ணாடிக் கம்பியும் இருக்கும் இடத்தில் முகத்தோடு நடக்கிறது. பின்னால் இருந்து அப்பாவின் எடையும் சேர்ந்து தள்ளுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும்போது இன்னொன்று நடக்கும். நிற்கும் குழந்தை தூங்கிவிடும். கழுத்தில் பிடிப்பு போய், தலை ஹேண்டில்பார் மேல் சாய்ந்து கிடக்கும். அந்த நிலையில் ஒரு வேகத்தடையே போதும்.

சரி, ஹெல்மெட் போட்டால் கண் குழி தப்புமா?

பாதி தப்பும். நெற்றியை மூடும் எந்த நல்ல ஹெல்மெட்டும் சின்னக் குழந்தையின் கூரையைக் காக்கும்; அந்த வயதில் அதுதான் அதிகம் உடையும் இடம் என்பதால் லாபம் பெரிது. ஆனால் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளி, நெற்றி தெரிய மாட்டிவிடுகிறார்களே, அது வீண். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், அதற்கு மேல் விடக் கூடாது. நாடிப் பட்டை போட்ட பிறகு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்குவோம்" என்ற தீபாவளி ட்ரெஸ் லாஜிக் இங்கே செல்லாது. பெரியவர்கள் ஹெல்மெட்டைக் குழந்தை தலையில் கவிழ்ப்பது, எடை காரணமாகக் கழுத்துக்கே ஆபத்து.

கன்னத்தையும் கண் குழித் தளத்தையும் திறந்த ஹெல்மெட் காக்காது. அதற்கு ஒரே வழி, ஹேண்டில்பாருக்கு முன்னால் முகம் இல்லாமல் பார்த்துக்கொள்வது. ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில், பட்டையோடு.

நடுவில் ஒன்றை உட்கார வைத்தால் இரண்டாவது குழந்தையை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு நல்ல பதில் இல்லை. சட்டப்படி பின்னால் ஒருவர்தான். சிறுசேரி, தாழம்பூர், படூர் பக்கம் அபார்ட்மென்ட்டுகள் முளைத்த வேகத்தில் பஸ் முளைக்கவில்லை. ஸ்கூல் வேன் கட்டணம் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரும் மெட்ரோ பாதை முடியும்வரை, பலருக்கு ஸ்கூட்டர்தான் குடும்ப வண்டி. பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. குழந்தைக்கான பட்டைக்கு ஒரு தரமுத்திரை கொடுத்து, அதை ஸ்கூட்டர் ஷோரூமிலேயே கிடைக்கச் செய்வது அரசும் கம்பெனிகளும் செய்யக்கூடிய, செய்யாத வேலை. வண்டி வாங்கும்போது ஹெல்மெட் கேட்டு வாங்குகிறோம், குழந்தைப் பட்டையையும் கேட்டால் என்ன?

அடிபட்டுவிட்டால் எங்கே போவது?

108-ஐ அழையுங்கள். சாலை விபத்து என்றால், தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். 2021 டிசம்பர் 18 அன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட திட்டம் இது. தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும், நீங்கள் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒடிசாவில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வந்து சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது.

எலிப்பொறி முறிவுக்கான அவகாசமும் அதே 48 மணி நேரம்தான் என்பது தற்செயல். ஆனால் அதில் முதல் நாளை "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தூக்கத்தில் கழித்துவிட்டால் மீதி குறைவு. அவசரப் பிரிவில் தலைக் காயத்தைப் பார்த்து முடித்ததும், "கண் அசைவைச் சோதித்தீர்களா, கண் குழியை ஸ்கேனில் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். கேட்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சென்னைப் பக்கம் என்றால் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது, எத்தனை மணிக்கு அடிபட்டது, எதில் மோதியது, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பதைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண் அசைவைச் சோதித்தபோது ஒரு வீடியோ எடுத்திருந்தால், அதையும் காட்டுங்கள். அழுது களைத்து தூங்கிவிட்ட குழந்தையின் கண்ணை மருத்துவமனையில் மறுபடி திறக்க வைப்பது லேசில் நடக்காது.